வாங்கும் முன் போடும் கோடு

பங்குச் சந்தை என்று வீட்டில் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். "அது சூது, நமக்கு வேண்டாம்" என்பது ஒன்று. "இன்னார் இத்தனை இலட்சம் எடுத்தாராமே, நாமும் போட்டுப் பார்ப்போமா?" என்பது மற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டிலும் ஒரே கேள்வி விடுபட்டுப் போகிறது. கையை விட்டுப் போகக்கூடிய காசு எவ்வளவு என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டோமா என்பதே அந்தக் கேள்வி. கடந்த ஒரு வருடமாக நான் படித்துவரும் பங்கு வர்த்தகத்தின் முதற் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான்.

நான் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி. எங்கள் வீடு சீகிரியாவில் இருக்கிறது. வாப்பா ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலாப் பயணிகளை மின்னேரியாவுக்கு யானை பார்க்க அழைத்துப் போவது அவரது தொழில். மேல் மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்குக் கொடுக்கிறோம். அவர்களுக்கு உம்மா சமைத்துக் கொடுக்கிறார். பங்கு, பங்கிலாபம், மூலதனம் என்ற சொற்களைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது அவை பரீட்சைக்கு மட்டும் உரியவை என்றே தோன்றியது. கொழும்பில் கணக்கீட்டு வேலை பார்க்கும் என் நானாதான் ஒரு விடுமுறையில் வந்து, "காசு வேண்டாம், ஒரு கொப்பி எடு. இல்லாத ஒரு இலட்சம் ரூபாவை வைத்து ஆறு மாதம் வியாபாரம் செய்து பார். பிறகு பேசுவோம்" என்றார். அந்தக் கொப்பியில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தையைப் பற்றிச் சில வரிகள். நம் நாட்டில் பங்கு வியாபாரம் புதிய விடயமல்ல. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டவேண்டியிருந்த காலத்தில், 1896ஆம் ஆண்டே கொழும்பில் பங்குத் தரகர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் அமைப்பு 1985இல் உருவானது. அந்த ஆண்டின் விலைமட்டத்தை 100 என வைத்துக் கணக்கிடுவதுதான் செய்திகளில் நாம் கேட்கும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். சந்தையைக் கண்காணிப்பது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. சாதாரண நாட்களில் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை வியாபாரம் நடக்கும். அந்த நேரம் முழுவதும் நான் வகுப்பறையில் இருப்பேன். ஆகவே மாலையில் முடிவு விலையை மட்டும் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். நிமிடத்துக்கு நிமிடம் விலையைப் பார்த்துப் பதறுவதற்கு எனக்கு வழியே இருக்கவில்லை. அது எனக்கு நன்மையாகவே அமைந்தது.

இனி வரைபடம். ஒரு நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் படித்து அதன் பெறுமதியை மதிப்பிடுவது ஒரு முறை. நிறுவனத்தின் விலை இதுவரை நடந்துவந்த பாதையையும், வாங்கி விற்கப்பட்ட அளவையும் வரைந்து பார்த்து முடிவெடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதைத் தொழில்நுட்பப் பகுப்பாய்வு என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும், எனக்கு இதை விளங்கவைத்தவர் பாடசாலையே முடிக்காத என் மாமாதான். அவர் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்கிறார். பெரிய வெங்காயத்தின் விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பல வியாபாரிகள் ஒரே நேரத்தில் வாங்கத் தொடங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே விலை இலகுவில் போகாது. அதேபோல ஓர் அளவுக்கு மேலே ஏறினால் வாங்குபவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். பங்கு வரைபடத்தில் முதலாவதைத் தாங்குநிலை என்றும் இரண்டாவதைத் தடைநிலை என்றும் சொல்கிறோம். மாமா இவற்றை மனதிலே வைத்திருக்கிறார். நான் அவற்றை வரைபுத்தாளில் பென்சிலால் கோடாகப் போடுகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு நாளின் ஆரம்ப விலை, முடிவு விலை, அதிக விலை, குறைந்த விலை ஆகிய நான்கையும் ஒரே உருவில் காட்டுவது மெழுகுவர்த்தி வரைபடம். 18ஆம் நூற்றாண்டில் யப்பானில் வாழ்ந்த ஹொம்மா முனெஹிசா என்ற அரிசி வியாபாரியின் பெயரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். கடந்த 20 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 20ஆல் வகுத்தால் வருவது நகரும் சராசரி. விலை அந்தச் சராசரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தால், ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தில் மயங்காமல் போக்கு எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும்.

"ஓரளவு" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரைபடம் நடந்ததைக் காட்டுமே தவிர நடக்கப்போவதை அறியாது. அதிலும் நம் சந்தை சிறியது. சில நிறுவனங்களின் பங்குகள் நாள் முழுவதும் ஒன்றிரண்டு தடவைகளே கைமாறும். சில நாட்களில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட பங்கில் யாரோ ஒருவர் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலே வரைபடம் அழகாக மேலே ஏறிவிடும். அதைப் பார்த்து ஓடிப்போய் வாங்குபவர், விற்க நினைக்கும்போது வாங்க ஆளில்லாமல் நிற்பார். ஆகவே தினமும் நிறையக் கைமாறும் பங்குகளை மட்டும் கொப்பியில் எழுத வேண்டும் என்பது நானா எனக்குப் போட்ட முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. எந்தப் பங்கை எழுதினாலும், அதற்குப் பக்கத்தில் "இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவேன்" என்ற விலையையும் அப்போதே எழுதவேண்டும். இதை ஸ்டொப் லொஸ் என்பார்கள். சீகிரியாக் குன்றில் ஏறியவர்கள் சிங்கப் பாத முற்றத்தில் வலையடித்த கூடுகளைக் கண்டிருப்பீர்கள். குளவி கலைந்தால் உள்ளே ஓடிப் புகுந்துகொள்வதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். குளவி வந்த பிறகு வலை தேட முடியாது. அதுபோலவே விலை விழத் தொடங்கிய பிறகு மனம் நேராக யோசிக்காது. "நாளைக்கு ஏறும்" என்று அது நம்மிடமே கெஞ்சும். வாங்காத நேரத்தில், இலாபமும் நட்டமும் இல்லாத நேரத்தில் போட்ட கோடு மட்டுமே நம்பத்தக்கது.

கோடு போட்டால் போதுமா? எத்தனை பங்கு வாங்குவது என்ற கணக்கு அதைவிட முக்கியம். ஓர் உதாரணம் பார்ப்போம். கையில் 100,000 ரூபா இருக்கிறது. ஒரு தடவையில் அதில் 2 வீதத்துக்கு மேல், அதாவது 2,000 ரூபாவுக்கு மேல் இழக்கக்கூடாது என்பது விதி. பங்கின் விலை 50 ரூபா. விற்கும் கோடு 46 ரூபா. ஒரு பங்குக்கு 4 ரூபா நட்டம், ஆகவே 500 பங்கு வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் தரகுக் கூலி, வரி எல்லாமாகச் சேர்ந்து 1.12 வீதம் போகிறது. அதையும் கூட்டினால் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 5 ரூபா 8 சதம் நட்டமாகும். 2,000ஐ இதனால் வகுத்தால் சுமார் 390 பங்குகள்தான் வரும். இந்தக் கூலியைக் கணக்கில் எடுக்காமல் அடிக்கடி வாங்கி விற்பவருக்கு விலை மாறாவிட்டாலும் நட்டம்தான். 25,000 ரூபாவுக்கு வாங்கி அதே விலைக்கு விற்றால் 560 ரூபா போய்விடும்.

2 வீதம் என்பது ஏன்? பத்துத் தடவை தொடர்ந்து தோற்றாலும் 100,000 ரூபாவில் 81,000க்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் 20 வீதத்தை இழப்பவருக்கு அதே பத்துத் தோல்விக்குப் பிறகு 11,000 கூட மிஞ்சாது. நட்டத்தின் கணக்கு இலாபத்தின் கணக்கைப் போன்றதல்ல. 10 வீதம் இழந்தவர் பழைய இடத்துக்கு வர 11 வீதம் சம்பாதித்தால் போதும். பாதியை இழந்தவர் 100 வீதம் சம்பாதிக்க வேண்டும்.

2024 ஒக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை என் கொப்பியில் 23 வியாபாரங்கள் பதிவாகின. அவற்றில் 14 நட்டம், 9 இலாபம். இப்படிச் சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள். ஆனால் நட்டங்கள் எல்லாம் கோட்டோடு நின்றன. இலாபங்களில் சில, நட்டத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு வளர்ந்தன. ஆறு மாத முடிவில் இல்லாத ஒரு இலட்சம், இல்லாத 103,400 ரூபாவாக நின்றது. அதே காலத்தில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அதைவிட மிகக் கூடுதலாக உயர்ந்திருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தேன். நல்ல பங்கு சிலவற்றை வாங்கிச் சும்மா வைத்திருந்தவர் என்னைவிட நன்றாகச் செய்திருப்பார். வரைபடம் படித்தால் சந்தையை வென்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் இந்தப் படிப்பால் என்ன பயன்? அதைப் புரிந்துகொள்ள 2022ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 இறுதியில் 6,774 ஆக இருந்த சுட்டெண் 2021 இறுதியில் 12,226 ஆகியது. ஊரெல்லாம் பங்கு பற்றிப் பேச்சு. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு, 18ஆம் திகதி முதல் ஐந்து வேலை நாட்களுக்குச் சந்தை மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது எஸ் அன்ட் பி எஸ்எல் 20 சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் விழவே, அன்றைய வியாபாரமும் இடையில் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 8,490க்கு வந்திருந்தது. கோடு போட்டிருந்தவர்களாலும் அந்த நாட்களில் விற்க முடிந்திருக்காது. மூடிய சந்தையில் கோட்டுக்கு மதிப்பில்லை. அப்போது ஒரு மனிதரைக் காப்பாற்றுவது ஒன்றுதான்: தன் சேமிப்பில் எவ்வளவை அங்கே வைத்தார் என்பது. வட்டிக்குக் கடன் எடுத்து வாங்கியவர்களுடைய நிலைமை இன்னும் மோசம். பங்கின் விலை விழ விழக் கடன்காரர் காசு கேட்பார். இல்லையென்றால் விழுந்த விலைக்கே பங்கு விற்கப்படும். மார்க்கம் வட்டியைத் தடுத்திருப்பதை நாம் சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். அந்தத் தடை ஒரு குடும்பத்தை எதிலிருந்து காக்கிறது என்பதை 2022இன் கணக்குகளில் நான் கண்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கடந்த மார்ச் மாதம் ஒரு நாள் வாப்பா என்னிடம், "என்ன மகள், இப்ப டூரிஸ்ட் நல்லா வாறாங்கதானே? ஹோட்டல் பங்கு ஏறும்தானே? நம்மட காசைப் போட்டா என்ன?" என்று கேட்டார். அவருடன் ஜீப் ஓட்டும் சிலர் அப்படிப் பேசிக்கொண்டார்களாம். நம்மட காசு என்பது 300,000 ரூபா. என் பல்கலைக்கழகப் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதில் 250,000ஐப் போட வாப்பா நினைத்திருந்தார்.

வாப்பாவின் கணிப்பு பிழையானதல்ல. 2024இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் நாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் நான் வரைபுத்தாளை எடுத்து ஒரு நிறுவனத்தின் பங்கு விலைக்குப் பதிலாக நாட்டுக்கு வந்த பயணிகளின் தொகையை வரைந்து காட்டினேன். 2018இல் 23 இலட்சம். ஈஸ்டர் தாக்குதல் நடந்த 2019இல் 19 இலட்சம். 2020இல் 5 இலட்சம். 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் 7 இலட்சம். அந்தக் கோட்டின் ஒவ்வொரு பள்ளமும் எங்கள் வீட்டில் நடந்தது. கொரோனாக் காலத்தில் மேல் மாடி அறைகளில் நெல் மூட்டை வைத்திருந்தோம். 2022இல் டீசல் இல்லாமல் ஜீப் முற்றத்திலே நின்றது.

"வாப்பா, நமக்கு ஜீப் இருக்கு, ரூம் இருக்கு, உம்மாட சமையல் இருக்கு. மூணும் டூரிஸ்ட்ட நம்பித்தான் இருக்கு. இனி சேமிப்பையும் ஹோட்டல்ல போட்டா, ஒரே குளத்துத் தண்ணிய நம்பின நாலு வயல் மாதிரி. குளம் வத்தினா நாலும் ஒரே நாள்ல காயும்" என்றேன். வாப்பா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 2021க்கான புள்ளியில் விரலை வைத்து, "இந்த வருஷம்தானே உண்ட மூத்தாப்பா மௌத்தானது" என்று மட்டும் சொன்னார். அவருடைய மருந்துச் செலவுக்கு அந்த ஆண்டு நாங்கள் பட்ட பாட்டை வீட்டில் யாரும் மறக்கவில்லை.

பிறகு உம்மாவும் வந்து அமர்ந்தார். மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். 270,000 ரூபாவைத் தொடுவதில்லை. 30,000க்கு மட்டும், சுற்றுலாவோடு தொடர்பில்லாத, கடன் குறைந்த ஒரு நிறுவனத்தின் பங்கு. வியாபாரம் ஹலாலானதுதானா என்று விடயம் தெரிந்த மௌலவி ஒருவரிடம் வாப்பா கேட்டறிந்தார். விற்கும் கோட்டை வாங்கிய விலையிலிருந்து 8 வீதம் கீழே போட்டோம். கூலியும் சேர்த்து நட்டம் வந்தால் சுமார் 3,000 ரூபா, அதாவது மொத்தச் சேமிப்பில் ஒரு வீதம். தரகர் நிறுவனம் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதுதானா என்பதை நானா சரிபார்த்தார். கணக்கு வாப்பாவின் பெயரில்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி விதிப்பதாக அமெரிக்கா அறிவித்தது. கொழும்புச் சந்தை சரிந்தது. வாப்பாவின் பங்கு கோட்டைத் தாண்டிக் கீழே போயிற்று. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் விற்றார். கோட்டு விலைக்கே விற்கக் கிடைக்கவில்லை, கொஞ்சம் கீழேதான் போனது. எல்லாம் போக நட்டம் 3,400 ரூபா. உம்மா அதைச் செலவுக் கொப்பியில் எழுதினார். அன்று இரவு எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். மறுநாள் அதிகாலை வாப்பா வழமைபோல ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். 250,000 ரூபா அங்கே இருந்திருந்தால் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 2020இலும் 2022இலும் அப்படிப்பட்ட இரவுகளை எங்கள் வீடு கண்டிருக்கிறது.

இது சூதா, வியாபாரமா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அறிஞர்களிடம் கேட்டே நடக்க வேண்டும். நான் கண்ட வித்தியாசத்தை மட்டும் சொல்லலாம். சூதாடுபவர் வெல்லப்போகும் தொகையை நினைத்துக் காசை வைக்கிறார். அவர் எதற்கும் சொந்தக்காரராவதில்லை. பங்கு வாங்குபவர் ஒரு தொழிலின் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரராகிறார். அந்தத் தொழில் என்ன, அது ஹலாலானதா, தன்னால் எவ்வளவு இழக்கத் தாங்கும் என்று கேட்காமல், யாரோ கைத்தொலைபேசியில் அனுப்பிய பெயரை மட்டும் நம்பி வாங்கினால், சந்தைக்குள் இருந்தாலும் அவர் செய்வது சூதுக்கு மிக அருகில் போய்விடுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கயிறு கட்டும் வேலை நமக்குரியது. விலை எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

சகோதரிகளே, உங்களில் பலர் நாளை சம்பாதிப்பீர்கள். சிலர் இன்றே வீட்டுக் கணக்கை எழுதுகிறீர்கள். உங்களைத் தேடியும் "மாதம் இத்தனை வீதம் நிச்சயம்" என்று யாராவது வருவார்கள். பிரமிட் திட்டங்கள் நம் நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. ஆனாலும் அவை பெயரை மாற்றிக்கொண்டு வருகின்றன. நிச்சயம் என்று சொல்பவரிடம், "நட்டம் வந்தால் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகள் வரைபுத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பங்கு விலை எழுதுகிறாள் என்றால் பயப்படாதீர்கள். காசு கொடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, "இதில் உன் கோடு எங்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

என் கொப்பியில் இன்னும் 40 பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு இன்ஷா அல்லாஹ் அடுத்த ஆறு மாதத்தைத் தொடங்குவேன்.